பங்குக் குவியலில் கலந்த ஈயம்

இஞ்சாருங்கோ,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுச் சாப்பாட்டில், ஈயக் குண்டால் சுட்ட மரை மான் இறைச்சியைக் கறியாக்கி, வயிற்றில் பிள்ளையோடு வந்திருந்த உங்கள் மகளின் தட்டில் வைத்தார்கள். எதால் சுட்டது என்று அவள் கேட்டாள். கேட்டுத்தான் சாப்பிட்டாள். "அண்ணைக்குப் பிடிச்ச மாதிரி செப்புக் குண்டால சுட்டது பிள்ளை, பயப்பிடாமல் சாப்பிடு" என்று பதில் சொன்னது வேறு யாருமில்லை, உங்கள் தம்பி எமில்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகம் விசாரித்து, காலநிலை பேசி, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வரும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அதற்காக நீங்கள் என்னோடு சண்டை பிடித்ததும் உண்டு.

வீட்டுக்குள் பேசித் தீர்க்கவேண்டியதைப் பேப்பரில் எழுதுவதா என்று எமில் கேட்பான். வீட்டுக்குள் பேசினேன். அவனுடைய கராஜுக்குள்ளும் பேசினேன். இந்தப் பங்கு இறைச்சி நம் வீட்டோடு நிற்பதில்லையே. மெல்பேர்னில் டண்டினோங், நோபிள் பார்க் என்று எத்தனை குசினிகளுக்குப் போகிறது. அந்தக் குசினிகளில் சட்டி வைக்கிறவர்களும் வாசிக்கட்டும்.

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியிறங்கும்போது என்னோடு வாதாடுகிறது. உங்கள் ரைபிள் என் பெயருக்கு மாறிவிட்டது. பொலிஸ்காரப் பெடியன் ஒருவன் வந்து துவக்குப் பெட்டியையும் பூட்டையும் பார்த்துவிட்டு, மேசையில் பூட்டியிருக்கும், தோட்டா நிரப்பும் பிரஸைக் காட்டி, இதில் யார் வேலை செய்வது என்று கேட்டான். நான்தான் என்றேன். பிரஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மறுபடியும் பூட்டைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். சரியாகத்தானே இருக்கும்.

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் எமிலும் குணம் அண்ணையும் இன்னும் சிலரும் குளிர்காலத்தில் கிப்ஸ்லாந்து மலைக்காட்டுக்கு மரை வேட்டைக்குப் போவீர்கள். நமக்கு மரை, வெள்ளைக்காரனுக்குச் சாம்பார். வவுனியாக்காரரான குணம் அண்ணை இதைச் சொல்லிச் சொல்லியே தன் மனைவியிடம் விரத நாளிலும் இறைச்சி கேட்பார், சாம்பார் என்றால் மரக்கறிதானே என்று. யார் சுட்டாலும் எத்தனை விழுந்தாலும் எல்லாம் எமிலின் கராஜுக்கு வரும். வெட்டி, ஒரே குவியலாகக் கலந்து, வீட்டுக்கு ஒன்றாகச் சமமாகப் பங்கு வைப்பார்கள். பிறகு ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இன்னொருவர் ஒரு பங்கைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்க, திரும்பி நிற்பவர் ஒரு பெயர் சொல்லுவார். நல்ல துண்டு பார்த்து ஒருவருக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம். சுவரைப் பார்த்து நிற்பது எப்போதும் நீங்கள்தான்.

சுட்டவனுக்கும் சுடாதவனுக்கும் ஒரே பங்கு. யார் சுட்டது என்று கேட்பது மரியாதையில்லை. அழகான வழக்கம். ஆனால் அதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு மிருகத்தில் ஈயம் இருந்தால் எல்லாப் பங்கிலும் ஈயம்.

இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, நம் மகள் ஜெசிதான். தாதிப் படிப்பு முடித்து சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த காலம். விடுமுறைக்கு மெல்பேர்ன் வந்தவள், நீங்கள் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று, "அப்பா, உந்த ஈயம் இறைச்சிக்குள்ள எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டாள். பிறக்காத பிள்ளைக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஈயம் மூளையில் என்ன செய்யும் என்பதை அவள் சொல்ல, நீங்கள் கத்தியைக் கீழே வைத்தீர்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லும் ஆள் இல்லை நீங்கள்.

அடுத்த முறை காட்டுக்குப் போனபோது பால் கான்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து, ஈயம் ஒன்று செம்பு ஒன்று என்று சுட்டுப் பார்த்தீர்கள். செப்புக் குண்டு ஒரு கானின் அடியில் முழுசாகக் கிடந்தது, நுனி நாலு இதழாக விரிந்து. ஈயக் குண்டில் பாதிதான் கிடைத்தது. அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எமிலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்களாம்: "மற்றப் பாதி எங்க, தம்பி?"

அன்றைக்கே முடிவானது. தன் வீட்டுக்கு எதை வேண்டுமானாலும் சுடலாம், பங்குக் குவியலுக்கு வருவது செம்பால் சுட்டதாக இருக்கவேண்டும். எமிலும் தலையாட்டினான். நான் பார்க்கவில்லை, ஆனால் குணம் அண்ணை பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். கடையில் வாங்கும் செப்புத் தோட்டா உங்கள் ரைபிளில் ஒரே புள்ளியில் வந்து கூடவில்லை. ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். சொந்தமாக நிரப்பலாம் என்று பிரஸ் வாங்கினீர்கள். பொறுமை வாங்க மறந்துவிட்டீர்கள். வெடிமருந்துத் தராசில் முள் நிலைக்கும்வரை காத்திருக்க உங்களால் ஏலவில்லை. மாத்திரை பொதி செய்யும் தொழிற்சாலையில் காலம் முழுக்க எடை பார்த்தவள் நான். தள்ளுங்கோ என்று சொல்லிக் கதிரையில் இருந்தேன். பிறகு எழும்பவில்லை. எனக்கென்று லைசென்ஸ் எடுத்தேன். தோட்டா நிரப்பும் கையேட்டை அகராதியோடு வைத்து வாசித்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நான் யாரையும் கேட்கவும் இல்லை. குசினியில் உப்பைக்கூட நிறுக்காதவள் கராஜில் மருந்தை நிறுத்தேன்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் என் தங்கை கேள்விப்பட்டுப் போன் எடுத்தாள். துவக்குக்குப் பயந்துதானே, அக்கா, இந்த நாட்டுக்கு ஓடிவந்தனாங்கள் என்றாள். ஓம், மனுசரைச் சுடுகிற துவக்குக்கு என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செம்பைப் பற்றி எமில் இப்போதும் ஊரெல்லாம் ஒரு கதை சொல்லித் திரிகிறான்: அது ஊசி மாதிரி ஊடுருவிப் போய்விடுகிறது, மரை விழாமல் ஓடுகிறது என்று. ஓடும். ஈயத்துக்குச் செய்வதையே செம்புக்கும் செய்தால் ஓடும். ஒரே எடையில் செம்பு ஈயத்தைவிட நீளம். நீளமான குண்டைத் தோட்டாக் கோதுக்குள் ஆழமாக இறக்கினால் மருந்துக்கு இடம் குறையும், வேகம் குறையும். வேகம் இல்லாமல் செம்பு விரியாது. அதனால் மரைக்குச் சட்டம் சொல்லும் எடைக்குக் கீழே போகாமல், அதற்குள் பாரம் குறைந்த குண்டை எடுக்கவேண்டும். கையேட்டில் அந்தச் செப்புக் குண்டுக்கென்று இருக்கும் பக்கத்தைப் பார்க்கவேண்டும், ஈயத்தின் பக்கத்தை அல்ல. குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு ரைபிளுக்கும் எது பிடிக்கிறது என்று மெதுவாகப் பார்க்கவேண்டும். குணம் அண்ணையின் ரைபிளுக்குப் பிடித்தது எமிலின் ரைபிளுக்குப் பிடிக்காது. ஈயம் சுட்ட குழலை முதலில் நன்றாகத் துடைக்கவேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, தூரத்தில் தெரிகிற எல்லாவற்றையும் சுடாமல், கிட்டப் போய்ச் சுடவேண்டும். எமிலுக்கு இதில் எது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கிட்டப் போக மூச்சு வாங்குகிறது.

நீங்கள் இருக்கும்வரை எல்லாரும் நம் கராஜுக்குத்தான் வருவார்கள். அவரவர் கோது, அவரவர் குண்டு, அவரவர் கை. மேசை மட்டும் என்னுடையது. ஒருவர் நிரப்பும்போது மற்றவர் பேசக்கூடாது என்பதும் என்னுடையது. குணம் அண்ணைக்கு அது கோயிலில் மௌனமாக இருப்பதைவிடக் கஷ்டம்.

நீங்கள் போன பிறகு ஒருவரும் வரவில்லை.

வாசலுக்கு வந்தார்கள். சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துவிட்டுப் போனார்கள். எமில் புல்லு வெட்டித் தந்தான், கூரைப் பீலியில் இலை அள்ளினான். பங்கு இறைச்சியும் தவறாமல் வந்தது. கராஜுக்குள் மட்டும் காலடி படவில்லை. எதால சுடுறியள் என்று ஒருமுறை கேட்டேன். எல்லாம் பழைய மாதிரித்தான் அண்ணி என்றான். நாங்கள் சேர்ந்திருந்து நிரப்பிய தோட்டாக்கள் அவர்களிடம் மிச்சம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் தம்பியின் வாயிலிருந்து வந்ததை ஏன் சந்தேகிக்கவேண்டும்?

ஆண்டுத் திருப்பலி நன்றாக நடந்தது. மண்டபம் நிறையச் சனம். ஜெசியும் மருமகனும் சிட்னியில் இருந்து காரிலேயே வந்தார்கள். மரைக்கறி எமிலின் யோசனை, அண்ணையின் பெயரில் அண்ணை விரும்பிய சாப்பாடு என்று. ஜெசி கேட்டதையும் அவன் சொன்ன பதிலையும் மேலே எழுதிவிட்டேன். அவள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். உங்களை நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள் என்று எனக்கு முகத்தில் தெரிந்தது.

சமைத்தது போக மிஞ்சிய பச்சை இறைச்சியை எமில் என்னிடம் தந்திருந்தான். அடுத்த நாள் காலை ஜெசி கொண்டுபோவதற்கு ஐஸ் பெட்டியில் வைக்கலாம் என்று வெட்டத் தொடங்கினேன். சப்பைத் துண்டு ஒன்றில் கத்தி எதிலோ நெருடியது. எலும்பு என்று விரலால் எடுத்தேன். சாம்பல் நிறம். நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. எலும்பில் பள்ளம் விழாது, செம்பிலும் விழாது. ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சில் மாதிரிக் கோடு விழுந்தது.

ஜெசி தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றாள். கோட்டைப் பார்த்தாள், கோப்பையை வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்தாள்.

எமிலுக்குப் போன் எடுத்தேன். எலும்பாக இருக்கும் என்றான். மண்ணாக இருக்கும் என்றான். பிறகுதான் உண்மை வந்தது.

"அண்ணி, கோவிக்காதேங்கோ. துக்கம் காக்கிற வீட்டுக்கு வந்து, உங்களுக்குப் பக்கத்தில கதிரை போட்டிருந்து மருந்து நிறுக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சாய். சனம் என்ன சாப்பிடும் எண்டு யோசிச்சியோ?"

மரியாதை. இதுதான் அவர்களின் காரணம். கணவன் போன வீட்டில் ஒரு வருடத்துக்கு ஆம்பிளைகள் போய் இருந்து துவக்கு வேலை பார்ப்பது சரியில்லை என்று தங்களுக்குள் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அண்ணியிடம் கேட்கக்கூடாது, கேட்டால் மனம் நோகும். நல்ல செப்புத் தோட்டா தேடி ரைபிளுக்குப் பொருந்துகிறதா என்று சுட்டுப் பார்க்கப் பஞ்சி, சோம்பல். கையில் கிடைத்த ஈயத்தை வாங்கியிருக்கிறார்கள். ஒரு வருடம் முழுக்கப் பங்குக்கு வந்தது அதுதான். என் மனம் நோகக்கூடாது என்பதற்காக என் மகளுக்கு ஈயம் கொடுத்திருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கோ, இப்படி ஒரு மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாங்கோ, கைகழுவிப்போட்டு இருங்கோ என்று சொல்லியிருப்பேன். நான் கறுப்பு உடுத்தியிருந்தேன், கண் பழுதாகியிருக்கவில்லை.

ஜெசி வெஸ்ட்மீட்டில் இரத்தம் சோதித்துப் பார்த்தாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டா. உங்கள் பேரப்பிள்ளை உள்ளே இருந்து நன்றாக உதைக்கிறதாம். அதைக் கேட்டு நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். எமிலுக்கும் அந்தச் செய்தியைச் சொன்னேன், அவனும் நித்திரை கொள்ளவேண்டுமே.

ஆனால் ஜெசி இன்னொன்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. "அம்மா, எனக்கு இனிப் பங்கு அனுப்பாதேங்கோ. ஆர் சுட்டது, எதால சுட்டது எண்டு கேக்கேலாத இறைச்சி எனக்கு வேண்டாம்." உங்கள் மகளுக்காகத் தொடங்கிய சுத்தம் இது. இப்போது அவளுக்குத்தான் பங்கு இல்லை.

அடுத்த பங்கு நாளில் நான் எமிலின் கராஜுக்குப் போனேன். கூப்பிடவில்லை, போனேன். வெட்டி முடித்துக் குவியல் வைத்திருந்தார்கள். எமில் சுவரைப் பார்த்துத் திரும்பப்போனான். நில் என்றேன். குவியலுக்குப் பக்கத்தில் நின்று, இது யார் சுட்டது, எதால் சுட்டது என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டேன். அந்தக் கராஜில் அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. குணம் அண்ணை, "பிலோமினா, நான் சுட்டா மரை ஓடித்தானே போகும், என்னைச் சந்தேகப்படாதை" என்று பகிடி விட்டுப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே கீழே பார்த்துக்கொண்டு, "ஒண்டு என்ர. ஈயம்தான்" என்றார்.

எமிலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணை இருந்தா இப்பிடி எல்லாற்ற முன்னாலயும் நிண்டு கேட்டிருக்க மாட்டார்."

"அண்ணை இருந்தா கேக்கத் தேவை வந்திராது."

வெறும் ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். பங்கை வேண்டாமென்று விட்டுவந்த முதல் ஆள் நான்தான் என்று பிறகு சொன்னார்கள். சொல்லட்டும்.

அந்தச் சனிக்கிழமை பகல் குணம் அண்ணை வந்தார். முன்கதவால் வந்தார். கையில் கோதுப் பெட்டி, பின்னால் மனைவி, சனம் கதைக்காமல் இருப்பதற்காகவாம். அவ முதலில் வாசலில் நின்றா, பிறகு கதிரையில் இருந்தா, பிறகு சும்மா இருக்க ஏலாமல் கோது துடைக்கத் தொடங்கினா. குணம் அண்ணை துடைப்பதைவிட நன்றாகத் துடைக்கிறா. அடுத்த வாரத்திலிருந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பழைய குழல்களைத் துடைத்து, குறைந்த அளவில் தொடங்கி, ரேஞ்சில் சுட்டுப் பார்த்து வருகிறார்கள். எமில் மட்டும் வரவில்லை. அவனுடைய ஃப்ரீசரில் பழைய குவியலின் இறைச்சி இன்னும் இருக்கிறது.

ஆகவே, செய்யவேண்டியதை எழுதிவிடுகிறேன்.

எமில் அந்த ஃப்ரீசரைத் துப்புரவாக்கவேண்டும். நாய்க்கும் போடக்கூடாது, காட்டில் கழுகுக்கும் போடக்கூடாது, குப்பையில் போகவேண்டும். பிறகு அவன் ஜெசிக்குப் போன் எடுத்து, தான் சொன்னது பொய் என்று தன் வாயால் சொல்லவேண்டும். என் மூலமாக அல்ல, மனைவி மூலமாக அல்ல. அவன் எனக்குப் புல்லு வெட்டத் தேவையில்லை, அதற்கு ஆள் பிடித்துவிட்டேன். கோதைக் கொண்டு கராஜுக்கு வந்தால் போதும். அவனுடைய கதிரையில் நான் சாமான் ஒன்றும் வைக்கவில்லை.

குணம் அண்ணையும் மற்றவர்களும் வேட்டையால் வந்ததும், குவியலில் கலப்பதற்கு முன், யார் எதால் சுட்டது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஈயத்தால் சுட்டவர் தன் மிருகத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான் தடுக்கமாட்டேன், ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தாய்க்குச் சொல்லுவேன்.

பங்கு வாங்கும் பெண்கள், குவியலைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று இனி நினைக்கக்கூடாது. சட்டி உங்களுடையது. பிள்ளையும் உங்களுடையது. கேளுங்கோ.

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், அந்த வீட்டுக்காரிக்கு எது நோகும் என்று தெருவில் நின்று தீர்மானிக்காமல் உள்ளே வந்து கேட்கவேண்டும்.

ஜெசி ஒன்றும் செய்யத் தேவையில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டு, வேலையில் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். நீங்களும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. உங்கள் பங்கைச் செய்துவிட்டுத்தான் போனீர்கள்.

மிச்சம் என்னுடையது. அவள் தன் வாயால் கேட்கும்வரை ஒரு துண்டும் அனுப்பமாட்டேன், வற்புறுத்தமாட்டேன், அழுதும் காட்டமாட்டேன். ஆனால் அவள் கேட்கிற நாளில், யார் சுட்டது, எதால் சுட்டது, எவ்வளவு கிட்டப் போய்ச் சுட்டது என்று அவள் கேட்கும் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும். இந்தக் குளிருக்கு நானே காட்டுக்குப் போகிறேன். முழங்கால் வாதாடட்டும்.

உங்கள் மனைவி, உங்கள் தம்பியின் அண்ணி,
ஜெசியின் அம்மா
பிலோமினா